933 இடங்கள், 1,686 வெற்றியாளர்கள்

2022ஆம் ஆண்டுக்கான குடிமைப் பணித் தேர்வின் இறுதி முடிவை யுபிஎஸ்சி 2023 மே 23 அன்று வெளியிட்டது. பரிந்துரைக்கப்பட்டவர்கள் 933 பேர். ஆண்கள் 613, பெண்கள் 320. முதல் நான்கு இடங்களையும் பெண்கள் பிடித்ததால் சில நாட்களுக்கு அதுவே செய்தியாக இருந்தது.

அப்புறம் விளம்பரங்கள் வந்தன. டெல்லியைச் சேர்ந்த பயிற்சி நிறுவனமான கான் ஸ்டடி குரூப், அந்த 933 பேரில் 682 பேர் தங்கள் மாணவர்கள் என்றது. வாஜிராவ் அண்ட் ரெட்டி நிறுவனம் 617 பேர் என்றது. திருஷ்டி ஐஏஎஸ், 216-க்கும் மேல் என்றது. ஸ்ரீராம்ஸ் ஐஏஎஸ் '200-க்கு மேல்' என்று போட்டுவிட்டு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் விசாரணையில் கேட்டபோது 171 பேருக்கு விவரம் கொடுத்தது. அந்தக் கடைசி நிறுவனத்துக்குக் குறைந்த எண்ணையே வைத்துக்கொள்வோம். நான்கையும் கூட்டினால் 1,686.

முதல் இரண்டு நிறுவனங்களை மட்டும் கூட்டினாலே 1,299 ஆகிறது. தேர்வானவர்களே 933 பேர்தான் என்பதால், குறைந்தது 366 பேராவது இரண்டு பட்டியலிலும் இருந்தாக வேண்டும். நாட்டில் இந்தத் தேர்வுக்குப் பயிற்சி தரும் இடங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. நான் எடுத்துக்கொண்டது நான்கை மட்டும்.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் 'பொய்ப் பட்டியல்' என்று சொல்லத் தோன்றும். எனக்கு இந்த வழக்கில் பிடித்த இடமே அது பொய்ப் பட்டியல் இல்லை என்பதுதான். பெயர்கள் பெரும்பாலும் உண்மை. ரேங்க் உண்மை. அந்த மாணவர் அந்த நிறுவனத்தின் படியேறியதும் உண்மை. எப்போது ஏறினார், எதற்காக ஏறினார் என்பதுதான் போஸ்டரில் இல்லை.

மூன்று படிகள்

குடிமைப் பணித் தேர்வு மூன்று கட்டமாக நடக்கிறது. முதல்நிலைத் தேர்வில் இரண்டு தாள். பொது அறிவுத் தாளின் மதிப்பெண்தான் வடிகட்டும். இரண்டாவது தாளான சிசாட் எனும் திறனறித் தாளில் 33 சதவீதம் எடுத்தால் போதும். அதைத் தாண்டினால் முதன்மைத் தேர்வு, 1,750 மதிப்பெண்ணுக்கு. அதையும் தாண்டினால் டெல்லி ஷாஜஹான் சாலையில் உள்ள தோல்பூர் ஹவுஸில் நேர்முகத் தேர்வு, 275 மதிப்பெண்ணுக்கு. முதல்நிலை மதிப்பெண் கடைசிக் கணக்கில் சேராது. ஆக மொத்தம் 2,025.

2022 தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் 11,35,697 பேர். முதல்நிலைத் தேர்வை எழுத உண்மையிலேயே வந்தவர்கள் 5,73,735 பேர். முதன்மைத் தேர்வுக்குத் தகுதி பெற்றவர்கள் 13,090. நேர்முகத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் 2,529. கடைசியில் 933.

இதைப் படிப்படியாக வகுத்துப் பார்த்தால் விளம்பரத்தின் சூட்சுமம் தானாக வெளிப்படும். முதல்நிலையில் தேறியது ஏறக்குறைய 44 பேரில் ஒருவர். முதன்மைத் தேர்வில் ஐந்து பேரில் ஒருவர். நேர்முகத்தில் நூறு பேரில் 37 பேர்.

இப்போது நீங்கள் ஒரு பயிற்சி மையம் நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல்நாள் வகுப்பில் சேரும் மாணவரைக் கணக்கில் எடுத்தால், அவர் தேறும் வாய்ப்பு அறுநூற்றுக்கும் மேற்பட்டவரில் ஒருவர் என்ற தேசியச் சராசரியில் தொடங்குகிறது. உங்கள் மையம் சராசரியைவிடப் பத்து மடங்கு சிறப்பாகச் செயல்பட்டாலும் அறுபது பேருக்கு ஒருவர்தான். நூறு பேர் உட்காரும் வகுப்பில் இருவர் தேறினாலே பெரிய சாதனை. ஆனால் அந்த எண்ணை ஃப்ளெக்ஸில் போட முடியாது. அதே மையம், நேர்முகத்துக்கு அழைப்பு வந்தவர்களில் 500 பேரைக் கூப்பிட்டு ஆளுக்கு அரைமணி நேரம் மாதிரி நேர்முகம் நடத்தினால், எதுவுமே சொல்லிக் கொடுக்காவிட்டாலும் சராசரிப்படி 184 பேர் தேறுவார்கள். போஸ்டரில் '180+' என்று போட்டுக்கொள்ளலாம்.

மாக் இன்டர்வியூ பெரும்பாலான இடங்களில் இலவசம் என்பதற்குக் காரணம் இதுதான். பணி ஓய்வு பெற்ற அதிகாரிகள், பேராசிரியர்கள் என்று நான்கைந்து பேர் கொண்ட குழு, ஏசி அறை, நீள மேசை, தேநீர், கடைசியில் வீடியோ பதிவு. எல்லாமே நிறுவனத்தின் செலவு. மாணவர் கொடுக்க வேண்டியது தேர்வாணையத்துக்கு அனுப்பிய விரிவான விண்ணப்பத்தின் நகல். அதை எல்லோரும் 'டாஃப்' என்பார்கள். பெயர், ஊர், படிப்பு, வேலை, விருப்பப் பாடம், பொழுதுபோக்கு எல்லாம் அதில் இருக்கும். குழு கேள்வி கேட்க அது வேண்டும், உண்மைதான். முடிவு வரும் நாளில் அந்த டாஃப்தான் நிறுவனத்தின் கையிலிருக்கும் பட்டியல்.

மாணவர் தரப்பில் இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. நேர்முகத்துக்கு அழைப்பு வந்தவர் பதற்றத்தில் இருப்பார். இலவசமாக நான்கு இடத்தில் பயிற்சி கிடைத்தால் நான்கு இடத்துக்கும் போவார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் போவேன். ஒரே ஆள் நான்கு பட்டியலில் ஏறுவது இப்படித்தான்.

முடிவு வரும் சாயங்காலம்

சென்னை அண்ணா நகரில் ஒரு பயிற்சி மையத்தின் அலுவலகத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்த தோழி ஒருவர், முடிவு வரும் நாளை எனக்கு விவரித்திருக்கிறார். தேர்வாணையத்தின் பிடிஎஃப் வந்ததும் அதை எக்செலுக்கு மாற்றுவார்கள். ஒரு பக்கம் அந்தப் பட்டியல், இன்னொரு பக்கம் மையத்தோடு எந்த வகையிலாவது தொடர்பு வைத்திருந்த எல்லோருடைய பட்டியலும். வகுப்பில் சேர்ந்தவர், டெஸ்ட் சீரிஸ் எனும் மாதிரித் தேர்வுத் தொடரை வாங்கியவர், ஒரு விருப்பப் பாடத்துக்கு மட்டும் வந்தவர், இலவசக் கருத்தரங்கில் பதிவு செய்தவர், மாக் இன்டர்வியூ கொடுத்தவர் என்று தனித்தனித் தாளில் இருக்கும். கடைசியில் ஒரே தாளாக ஒட்டிவிடுவார்கள். பெயர் பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு சூத்திரம். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் ஆளாளுக்குப் போன்.

போன் பேச்சும் ஒரே மாதிரி இருக்குமாம்.

"தம்பி, வாழ்த்துகள்பா! நாங்க எல்லாரும் இங்க ஸ்வீட் வாங்கிட்டு உட்கார்ந்திருக்கோம். ஒரு நல்ல போட்டோ மட்டும் அனுப்புங்க."

"மேடம், நான் உங்ககிட்ட மாக் ஒண்ணுதான் அட்டெண்ட் பண்ணேன்..."

"அதனால என்னப்பா, நம்ம பிள்ளைதானே நீங்க!"

அன்றைக்கு இருக்கிற சந்தோஷத்தில் யாரும் மறுக்க மாட்டார்கள் என்றார். ராத்திரி எட்டு மணிக்குள் டிசைனர் கைக்குப் படங்கள் போய்விடும். காலையில் பேப்பர் வரும்போது அதே முகம் மூன்று விளம்பரங்களில் இருக்கும், சில சமயம் மூன்றிலும் அதே போட்டோ.

பந்தியில் கடைசியாக வந்து பாயசம் ஊற்றியவர் 'இந்த விருந்தே என் சமையல்' என்று சொன்னால் சிரிப்போம். பாயசம் ஊற்றினார் என்பதும் உண்மைதானே.

பிரித்துப் பார்த்தபோது

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2020 ஜூலையிலிருந்து செயல்படுகிறது. தவறான விளம்பரங்களைத் தானாகவே எடுத்து விசாரிக்கவும் அபராதம் போடவும் அதற்கு அதிகாரம் உண்டு. அந்தச் சட்டப்படி, பொய் சொல்வது மட்டும் குற்றம் இல்லை. முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் தவறான விளம்பரத்தின் வரையறைக்குள் வரும். பயிற்சி நிறுவனங்கள் மாட்டிக்கொண்டது இந்த இரண்டாவது பகுதியில்தான். 'எங்கள் பட்டியலில் பொய் எங்கே இருக்கிறது?' என்று அவை கேட்கலாம். மறைத்தது எங்கே என்று ஆணையம் திருப்பிக் கேட்டது.

கான் ஸ்டடி குரூப்பின் 682 பேரில் 674 பேர் இலவச மாதிரி நேர்முகத்துக்கு மட்டும் வந்தவர்கள் என்று தெரியவந்தது. முதல்நிலை, முதன்மைத் தேர்வுகளுக்கு அங்கே உதவி பெற்றவர்கள் 8 பேர். 682 எங்கே, 8 எங்கே! அபராதம் 5 லட்சம் ரூபாய். வாஜிராவ் அண்ட் ரெட்டியின் 617 பேருமே நேர்முக வழிகாட்டித் திட்டத்தில் பதிவு செய்தவர்கள். அபராதம் 7 லட்சம்.

ஸ்ரீராம்ஸ் ஐஏஎஸ் கொடுத்த 171 பேரின் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இந்தத் தொழிலில் 'மாணவர்' என்பதற்குள் யார் யாரெல்லாம் அடக்கம் என்று அதில் தெளிவாகத் தெரிகிறது. 102 பேர் இலவச நேர்முக வழிகாட்டித் திட்டம். 55 பேர் இலவச டெஸ்ட் சீரிஸ். 5 பேர் மாநில அரசுகளோடு போட்ட ஒப்பந்தத்தின் வழியே இலவசமாகப் படித்தவர்கள். பொது அறிவு வகுப்பறைப் பயிற்சியில் உட்கார்ந்து படித்தவர்கள் 9 பேர். விளம்பரத்தைப் பார்த்துவிட்டு மதுரையிலிருந்தோ பாட்னாவிலிருந்தோ ஒரு அப்பா பணம் கட்ட வருவது அந்தக் கடைசி வகுப்புக்குத்தான். அவருக்குத் தேவையான எண் 9. அவர் கண்ணில் பட்டது 200-க்கு மேல்.

திருஷ்டி ஐஏஎஸ் இரண்டு முறை மாட்டியது. 2021 தேர்வுக்கு '150-க்கு மேல்' என்று போட்ட விளம்பரத்துக்கு 161 பேரின் விவரம் கொடுத்தது. அதில் 148 பேர் நேர்முக வழிகாட்டித் திட்டம். 2024 செப்டம்பரில் 3 லட்சம் அபராதம். 2022 தேர்வுக்கான '216-க்கு மேல்' விளம்பரத்துக்கு 2025 அக்டோபரில் 5 லட்சம். அந்த 216-இல் 162 பேர், அதாவது சரியாக நான்கில் மூன்று பங்கு, முதல் இரண்டு கட்டங்களையும் தாங்களே கடந்துவிட்டு இலவச நேர்முகப் பயிற்சிக்கு மட்டும் வந்தவர்கள்.

இந்த உத்தரவுகளை எதிர்த்துச் சில நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்கும் போயிருக்கின்றன.

நிறுவனங்கள் தரப்பிலும் ஒரு நியாயம்

மாதிரி நேர்முகத்தால் ஒரு பயனும் இல்லை என்று சொன்னால் அதுவும் தப்பு. 275 மதிப்பெண் சின்ன விஷயம் கிடையாது. பட்டியலின் நடுப்பகுதியில் ஒன்றிரண்டு மதிப்பெண்ணிலேயே ரேங்க் பல இடம் தள்ளிப்போகும். ஐஏஎஸ் கிடைப்பதற்கும் வேறு பணி கிடைப்பதற்கும் அந்த ஒன்றிரண்டே போதும். குழுவின் முன் உட்கார்ந்து முதல் முறை வாய் திறப்பவருக்கும், மூன்றாவது முறை திறப்பவருக்கும் வித்தியாசம் உண்டு. டெஸ்ட் சீரிஸுக்கு இது இன்னும் பொருந்தும். புத்தகத்தைத் தானே படித்துவிட்டுத் தேர்வுப் பழக்கத்துக்காக மட்டும் பணம் கட்டிச் சேர்ந்து, அதனால் உண்மையிலேயே பலன் பெற்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஆனாலும் 2022 தேர்வில் முதலிடம் பெற்றவரின் மதிப்பெண்ணைப் பாருங்கள். எழுத்துத் தேர்வில் 901, நேர்முகத்தில் 193, மொத்தம் 1,094. ஒரு மாக் இன்டர்வியூ அந்த 193-இல் எவ்வளவோ சேர்த்திருக்கலாம், பத்து என்றே வைத்துக்கொள்வோம். 901 அதற்கு முன்பே பேப்பரில் எழுதி முடித்தாகிவிட்டது. விளம்பரத்தில் வரும் படம் முழு 1,094-க்கும் சேர்த்துப் பெருமை கேட்கிறது.

விதி வந்தது

2024 நவம்பர் 13 அன்று பயிற்சித் துறையில் தவறான விளம்பரங்களைத் தடுப்பதற்கான வழிகாட்டி நெறிகளை நுகர்வோர் ஆணையம் வெளியிட்டது. தேறியவரின் படம் போட்டால் பெயர், ரேங்க், எந்தப் பாடப்பிரிவில் சேர்ந்தார், எத்தனை காலம், பணம் கட்டியா இலவசமா என்பதெல்லாம் கூடவே வர வேண்டும். 'நிபந்தனைக்கு உட்பட்டது' வகை வரிகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் அளவில் போடக்கூடாது; முக்கிய வரி எந்த அளவில் இருக்கிறதோ அதே அளவு. 'இன்னும் சில இடங்களே பாக்கி' என்று போலி அவசரம் காட்டக்கூடாது. வேலை உறுதி, தேர்ச்சி உறுதி என்று சொல்லக்கூடாது.

எனக்கு மிகப் பிடித்த விதி ஒப்புதலைப் பற்றியது. மாணவரின் பெயரையும் படத்தையும் பயன்படுத்த எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வேண்டும். அதுவும் அவர் தேறிய பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். சேர்க்கைப் படிவத்தின் எட்டாவது பக்கத்தில் ஒரு வரியாகச் சேர்த்து முன்கூட்டியே கையெழுத்து வாங்கிக்கொள்ளும் பழக்கம் இந்தத் துறையில் ஊறிப்போனது. யாரோ உள்விவரம் தெரிந்தவர் எழுதிய விதி இது.

சரி, இதனால் கணக்கு நேரானதா? பாதி நேரானது. இந்த நெறிகள் தேறியவரைப் பற்றியே பேசுகின்றன. தேறிய ஒவ்வொருவரும் எங்கிருந்து வந்தார் என்று சொல்லச் சொல்கின்றன. தேறாதவர்கள் எத்தனை பேர் என்று சொல்லச் சொல்லவில்லை. வகுத்தலில் மேலே இருக்கும் எண் சுத்தமாகிவிட்டது. கீழே இருக்க வேண்டிய எண் இன்னும் வெள்ளையாகவே கிடக்கிறது. ஒரு மையம் 'ஃபவுண்டேஷன் வகுப்பிலிருந்து 9 பேர்' என்று நேர்மையாகப் போட்டாலும், அந்த வகுப்பில் 90 பேர் இருந்தார்களா, 3,000 பேர் இருந்தார்களா என்று தெரியாமல் அந்த 9-ஐ வைத்து என்ன முடிவுக்கு வருவது? 90-க்கு 9 என்றால் நாட்டிலேயே தலைசிறந்த பயிற்சி அதுதான். 3,000-க்கு 9 என்றால் தேசியச் சராசரியைப் போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. அந்த அளவு, பணம் கட்டும் வசதியும் இரண்டு வருடம் உட்கார்ந்து படிக்கும் வாய்ப்பும் உள்ளவர்கள் எங்கே படித்தாலும் கிடைக்கக்கூடியதுதான்.

காலக்கணக்கு இன்னொரு சிக்கல். பொதுப்பிரிவினருக்கு ஆறு வாய்ப்பு, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு ஒன்பது, பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினருக்கு வயது வரம்பு தீரும்வரை. 2018-இல் ஒரு மையத்தில் வகுப்புக்குப் போனவர் நான்காவது முயற்சியில் 2022-இல் தேறுகிறார். நடுவே இரண்டு மையங்களில் டெஸ்ட் எழுதினார், ஒரு வருடம் வேலைக்குப் போனார், ஒரு வருடம் ஊரில் தனியாகப் படித்தார். அவரை எந்தப் பேட்ச்சின் கணக்கில் சேர்ப்பது? தேறியவருக்கு இந்தக் கேள்வியே வருவதில்லை, மூன்று இடமும் அவரைச் சேர்த்துக்கொள்ளும். அதே 2018 பேட்ச்சில் ஆறு முயற்சியும் முடிந்து வேறு வேலைக்குப் போனவரை எந்த இடமும் எந்தக் கணக்கிலும் வைத்திருக்காது.

கேள்வித்தாள் பொருத்தம்

முதல்நிலைத் தேர்வு முடிந்த மறுநாள் வேறொரு விளம்பரம் வரும்: 'நூறு கேள்வியில் இத்தனை கேள்வி எங்கள் டெஸ்ட் சீரிஸில் வந்தவை'. இதை எந்த உத்தரவும் இன்னும் சரியாகத் தொட்டதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு டெஸ்ட் சீரிஸில் முப்பது தேர்வு, தேர்வுக்கு நூறு கேள்வி என்றால் மூவாயிரம் கேள்வி. கூடவே மாதாந்திர நடப்பு நிகழ்வு இதழ்கள். சதுப்புநிலம் பற்றித் தேர்வில் ஒரு கேள்வி வந்து, இதழில் சதுப்புநிலம் பற்றி ஒரு பத்தி இருந்தால் அது 'பொருத்தம்'. அதே கேள்வி அதே விடையோடு வந்ததா, தலைப்பு மட்டும் ஒத்துப்போனதா என்று பிரித்துச் சொல்வதில்லை. பாடத்திட்டத்தை எழுதி வைத்திருந்தாலே பாதிக் கேள்விக்குப் பொருத்தம் காட்டலாம். அந்த மூவாயிரத்தில் வராமல் போனவை எத்தனை என்பதும் அங்கே இருக்காது.

இந்த வித்தை நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வுக்குப் பயிற்சி தரும் பிரின்ஸ்டன் ரிவ்யூ நிறுவனம், தங்களிடம் படித்தவர்களின் மதிப்பெண் சராசரியாக 255 கூடுகிறது என்று விளம்பரம் செய்துவந்தது. விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பு அதை ஆராய்ந்ததையடுத்து, 2010-இல் அந்த வாசகத்தைக் கைவிட ஒப்புக்கொண்டது. 'கூடியது' என்றால் எதிலிருந்து கூடியது என்பதுதான் அங்கே கேள்வி. சேரும்போது மையமே வைக்கும் தேர்வை ஆரம்பப் புள்ளியாக எடுத்தால், அந்தத் தேர்வு எவ்வளவு கடினமோ அவ்வளவு முன்னேற்றம் காட்டலாம். கல்லூரிச் சேர்க்கை ஆலோசகர்களுக்கான அங்குள்ள தேசியச் சங்கம் 2009-இல் வெளியிட்ட ஓர் ஆய்வறிக்கை, பயிற்சியால் கிடைக்கும் உயர்வு 30 மதிப்பெண் அளவில்தான் என்றது. 30-க்கும் 255-க்கும் நடுவில் இருப்பதில் பெரும்பகுதி, அளக்கத் தொடங்கும் இடத்தைப் பொறுத்தது.

அரசின் கணக்கும்

தமிழ்நாட்டில் நான் முதல்வன் திட்டத்தின் போட்டித் தேர்வுப் பிரிவு, குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகிறவர்களில் தகுதித் தேர்வு மூலம் 1,000 பேரைத் தேர்ந்தெடுத்து மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதத்துக்குத் தருகிறது. முதல்நிலைத் தேர்வில் தேறினால் 25,000, முதன்மைத் தேர்விலும் தேறி நேர்முகத்துக்குப் போனால் 50,000. நல்ல திட்டம். டெல்லியில் அறை எடுத்துத் தங்கி, பயணச் செலவுக்கும் வழி தேட வேண்டியவருக்கு அந்த 50,000 பெரிய தைரியம்.

2024 தேர்வில் தமிழ்நாட்டிலிருந்து தேறிய 57 பேரில் 50 பேர் இந்தத் திட்டத்தில் பயன்பெற்றவர்கள் என்று 2025 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. டெல்லி நிறுவனங்களிடம் கேட்ட கேள்வியை இங்கேயும் கேட்பதுதான் முறை. அந்த 50 பேரில் எத்தனை பேர் முதல்நிலைக்கு முன்பே வந்தவர்கள், எத்தனை பேர் நேர்முகத்துக்கான தொகையோடு உள்ளே வந்தவர்கள்? இரண்டாவது வகையினருக்குத் திட்டம் செய்தது பொருளுதவி; அது செலவைக் குறைத்ததற்கான சான்று. பயிற்சியின் தரத்துக்குச் சான்று முதல் வகையினரிடம்தான் இருக்கிறது. லாபம் பார்க்காத திட்டம் என்பதால் கட்டவாரியாக அட்டவணை வெளியிடுவதில் அரசுக்கு ஒரு தயக்கமும் இருக்க வேண்டியதில்லை. அப்படி வெளியிட்டால் தனியார் மையங்களும் வெளியிடும்படி பெற்றோர் கேட்க ஒரு முன்மாதிரி கிடைக்கும்.

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 பக்கம் வந்தால் ஆட்டமே வேறு. அங்கே ஒரே எழுத்துத் தேர்வு, நேர்முகம் கிடையாது. கடைசிப் படியில் நின்று பெயர் சேர்க்க வழியில்லை என்பதால் இலவச மாதிரித் தேர்வும் வாட்ஸ்அப் குழுவும் அந்த வேலையைச் செய்கின்றன.

அபராதம் யாருக்கு வலிக்கும்

2025 டிசம்பரில் விஷன் ஐஏஎஸ் மீது 11 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. முன்பே ஒருமுறை தண்டிக்கப்பட்ட நிறுவனம் மறுபடியும் செய்ததால் தொகை கூடியது. அதுவரை நுகர்வோர் ஆணையம் பயிற்சித் துறைக்கு அனுப்பிய நோட்டீஸ் 57. தண்டிக்கப்பட்ட நிறுவனங்கள் 28. மொத்த அபராதம் 1.09 கோடிக்குச் சற்று மேல். ஒரு நிறுவனத்துக்குச் சராசரி நான்கு லட்சம்கூட வரவில்லை. டெல்லியில் ஃபவுண்டேஷன் வகுப்புக்குக் கட்டணம் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும் இடங்கள் உண்டு. அந்த விளம்பரத்தை நம்பி மூன்று பேர் கூடுதலாகச் சேர்ந்தாலே அபராதம் வசூலாகிவிடும். ஒரு நாளிதழின் முதல் பக்க விளம்பரச் செலவோடு வைத்துப் பார்த்தால் இது செலவுக் கணக்கில் இன்னொரு வரி. சட்டம் முதல் தவறுக்குப் பத்து லட்சம் வரைக்கும், திரும்பச் செய்தால் ஐம்பது லட்சம் வரைக்கும் இடம் கொடுக்கிறது. விஷன் ஐஏஎஸ் மீதான 11 லட்சம் அந்த ஐம்பது லட்சத்தின் பக்கம்கூடப் போகவில்லை.

தாமதமும் கணக்கில் சேரும். 2022 தேர்வுக்கான விளம்பரம் 2023-இல் வந்தது. திருஷ்டி மீதான உத்தரவு 2025 அக்டோபரில். நடுவில் இரண்டு முழு சேர்க்கைப் பருவங்கள் போய்விட்டன.

கவுண்டரில் கேட்க வேண்டியது

நேர்மையான தேர்ச்சி அறிக்கை எப்படி இருக்கும் என்று கற்பனை செய்வது கஷ்டம் இல்லை. ஒரு பேட்ச்சை எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் பணம் கட்டிச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், பாதியில் நின்றவர்கள் எத்தனை பேர், அடுத்த முதல்நிலைத் தேர்வை எழுதியவர்கள், தேறியவர்கள், முதன்மையில் தேறியவர்கள், கடைசிப் பட்டியலில் வந்தவர்கள். அதே பேட்ச்சுக்கு அடுத்த இரண்டு வருடத்துக்கும் அதே வரிசை. டெஸ்ட் சீரிஸுக்குத் தனி அட்டவணை, மாதிரி நேர்முகத்துக்குத் தனி. ஒரே ஆள் இரண்டு அட்டவணையில் வந்தால் குறிப்பு. ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். இந்தத் தகவல் அத்தனையும் மையத்தின் கணக்குப் புத்தகத்தில் ஏற்கனவே இருக்கிறது. எவ்வளவு பேர் பணம் கட்டினார்கள் என்று தெரியாத நிறுவனம் உலகத்திலேயே கிடையாது.

இதில் முதல்நிலைத் தேர்வு வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஐந்தே முக்கால் லட்சம் பேர் பதின்மூவாயிரமாகச் சுருங்குவது அங்கேதான். புதிதாகச் சேரும் பிள்ளைக்கு மையம் ஏதாவது செய்ய முடியும் என்றால் அது தெரியப்போவதும் அங்கேதான். ஆனால் முதல்நிலையில் தேறியவர்களின் படத்தை யாரும் ஃப்ளெக்ஸில் போடுவதில்லை.

பிள்ளையைச் சேர்க்கப் போகிற பெற்றோர் இந்த அட்டவணை முழுவதையும் கேட்டால் கிடைக்காது. அதனால் நான் சொல்வது ஒரே கேள்வி: "போன வருஷம் இந்த வகுப்புல, இதே கட்டணம் கட்டிச் சேர்ந்தவங்க எத்தனை பேரு, அதுல பிரிலிம்ஸ் பாஸ் பண்ணது எத்தனை பேரு?" தோழியிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். அவர் அங்கே வேலை பார்த்த காலம் முழுவதும் கட்டணத்தைத் தவணையில் கட்டலாமா, ஹாஸ்டல் பக்கத்தில் இருக்கிறதா, ஏசி உண்டா என்றுதான் கேட்டார்களாம். இந்தக் கேள்வியை ஒரே ஒருவர் கேட்டிருக்கிறார், அவரும் ஒரு வங்கி ஊழியர். கவுண்டரில் இருந்தவர்கள் அவரை மேலாளரின் அறைக்கு அனுப்பினார்கள். மேலாளர் காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டு, சுவரில் இருந்த டாப்பர்களின் படத்தைக் காட்டினாராம்.